காரை ஓட்டாதவனுக்கும் ரேஸில் வேலை உண்டு

(உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நடந்த வழிகாட்டல் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வர்த்தக ஆசிரியர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை இயன்றவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



"உயர்தரத்துக்குப் பிறகு என்ன?" என்று தலைப்புக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் டொக்டர், எஞ்சினியர், டீச்சர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் இன்றைக்கு ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் நம்ம தோட்டங்களில் அநேகமாக யாரும் கேள்விப்படாத வேலை. காரணம் என்னவென்றால், ஒரு பிள்ளைக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.

சித்திரை மாதம் வந்தால் நுவரெலியாவில் கார் ரேஸ் நடக்கிறது உங்களுக்குத் தெரியும். மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. நம்ம தாத்தா பாட்டி காலத்திலிருந்தே அந்தச் சத்தம் மலையில் கேட்கிறது. ஒரு வருஷம் அதைப் பார்த்துவிட்டு வந்த என் வகுப்புப் பையன் ஒருத்தன், திங்கட்கிழமை எழும்பி நின்று கேட்டான்: "சேர், எனக்கு கார் ஓட்டத் தெரியாது. வாங்கவும் வழியில்லை. நான் கொமர்ஸ் படிக்கிறேன். அந்த ரேஸில எனக்கு ஒரு வேலை இருக்குமா?"

வகுப்பே சிரித்தது. "டயர் கழுவுற வேலை இருக்குடா" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். "முதல்ல கணக்கீட்டை ஒழுங்காப் படி" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை படிப்பை விட்டுவிட்டு, கொழும்பில் புறக்கோட்டைக்குப் புடவைக்கடை வேலைக்குப் போய்விட்டான். போனதற்கு வீட்டுக் கஷ்டம்தான் காரணம், என் சிரிப்பு இல்லை. ஆனாலும் அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் சிரித்தேன். பிறகு தேடிப் படித்தேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அவனுடைய அம்மா இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லிப்டன் துரையின் படகு

முதலில் நமக்குத் தெரிந்த ஒருவரில் இருந்து தொடங்குவோம். அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டம் இருக்கிறதே, அதை வைத்திருந்த தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அவர் தேயிலை வளர்த்ததைப் பற்றி நம்ம எல்லாருக்கும் தெரியும். அவர் படகுப் பந்தயம் விட்டதைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

அமெரிக்கக் கிண்ணம் என்று ஒரு பாய்மரப் படகுப் பந்தயம். அதற்கு 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை படகு அனுப்பினார். ஐந்து படகுக்கும் ஷாம்ராக் என்றுதான் பெயர். ஐந்து முறையும் தோல்வி! ஆனால் ஒவ்வொரு முறையும் அமெரிக்கப் பத்திரிகைகளில் எல்லாம் லிப்டன், லிப்டன் என்று அவர் பெயர் வந்தது. கடைசித் தோல்விக்குப் பிறகு அமெரிக்க மக்களே காசு சேர்த்து அவருக்குத் தங்கக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள். பந்தயம் போனது, பெயர் நின்றது. அந்தப் பெயர் ஒட்டின தேயிலைப் பெட்டி கடைக்குக் கடை விற்றது.

கொழுந்து எடுத்தது நம்ம ஆட்கள். முதுகில் கூடை சுமந்தது நம்ம பாட்டிமார். ஆனால் பெட்டியின் மேல் இருந்த பெயருக்குத் தனி விலை கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டாக்குகிற வேலைக்குத்தான் சந்தைப்படுத்தல் என்று பெயர். பந்தயத்துக்குக் காசு கொடுத்து அதன் மூலம் பெயரைப் பரப்புவது அனுசரணை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி அமெரிக்காவுக்குப் போவோம்.

சார்லட் நகரத்து ரேஸ்

அமெரிக்காவில் நாஸ்கார் என்று ஒரு கார் ரேஸ். பார்வைக்குச் சாதாரணக் கார் மாதிரி இருக்கும் வண்டிகள் வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும். வட கரோலைனா மாநிலத்தில் சார்லட் என்ற நகரம், அதைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே உள்ள ஓட்டப் பாதை 1960இல் திறந்தது. ஒரு சுற்று ஒன்றரை மைல். மே மாதக் கடைசியில் அதில் 600 மைல் பந்தயம் நடக்கும், மொத்தம் 400 சுற்று.

இந்த ரேஸுக்குப் பெரிய பணம் எப்படி வந்தது? 1971 ஜனவரி 2ஆம் திகதி முதல் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. சிகரெட் கம்பனியிடம் விளம்பரத்துக்கு ஒதுக்கின பணம் இருக்கிறது, செலவழிக்க இடமில்லை. அந்த மாநிலத்துக்காரர் ஜூனியர் ஜோன்சன். ஒரு காலத்தில் கள்ளச் சாராயம் கடத்தி, அதற்காகச் சிறைக்கும் போய்வந்தவர். பிறகு பெயர்பெற்ற ரேஸ் ஓட்டுநர், அணிச் சொந்தக்காரர். அவர் தன் காருக்கு அனுசரணை கேட்டு ரெனோல்ட்ஸ் கம்பனிக்குப் போனார். அவர்களிடம் இருந்த பணம் ஒரு காருக்கு ரொம்ப அதிகம் என்று கண்டு, "முழு ரேஸ் தொடருக்கும் கொடுங்களேன்" என்று நாஸ்கார் பக்கம் அவர்களை அனுப்பிவிட்டார். 1971 முதல் 2003 வரை அந்தத் தொடருக்கு அந்தக் கம்பனியின் சிகரெட் பெயர்தான் இருந்தது.

சிகரெட் விற்றதை நான் புகழவில்லை. புகையிலையால் அழிந்த குடும்பங்களை நம்ம லயங்களிலேயே பார்த்திருக்கிறோம். இங்கே பார்க்க வேண்டியது, ஜோன்சன் போட்ட கணக்கு. எதிரில் இருக்கிறவனுக்கு என்ன தேவை என்று தெரிந்துகொண்டு போய்க் கேட்டார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத மனிதர், சந்தைப்படுத்தலின் முதல் பாடத்தை அப்படிச் செய்து காட்டினார்.

அதே 1971இல் அதே கம்பனியில் வேய்ன் ரொபர்ட்சன் என்ற வாலிபர் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? காட்சிக் கார் ஓட்டுவது. அது ரேஸில் ஓடாது. ரேஸ் கார் மாதிரியே வர்ணம் பூசி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்தி, கூட்டம் சேர்ந்தால் தொப்பியும் படமும் கொடுக்கிற வேலை. அதைச் செய்துகொண்டே ஆட்கள் எதைக் கேட்கிறார்கள், எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்று கவனித்தார். பிற்காலத்தில் அந்தக் கம்பனியின் விளையாட்டுச் சந்தைப்படுத்தல் பிரிவு முழுவதுக்கும் தலைவரானார். 1998இல் ஒரு படகு விபத்தில் இறக்கும்வரை ரேஸ் உலகத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

பயிலுநர் என்ன செய்வார்?

இப்போது என் பையனின் கேள்விக்கு வருகிறேன். கொமர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

ஒரு ரேஸ் அணியின் வருமானத்தில் பெரும்பகுதி அனுசரணைப் பணம். காரில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு பெயரும் யாரோ கொடுத்த காசு. காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? "நான் கொடுத்ததுக்கு எனக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்பான். அதற்குப் பதில் தயாரிக்க அணியில் ஒரு பிரிவு வேண்டும். அங்கேதான் சந்தைப்படுத்தல் படிக்கிற மாணவர்கள் உள்ளகப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

விடுமுறைக் காலத்தில் ஒரு பயிலுநரின் நாள் இப்படி இருக்கும். அனுசரணைக் கம்பனியின் விருந்தாளிகள் வந்தால் அடையாள அட்டை கொடுத்து, கார் நிற்கிற இடத்தைச் சுற்றிக்காட்டி, காதுக்கு அடைப்பான் கொடுத்து, நேரத்துக்கு உட்கார வைக்க வேண்டும். ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டிய படங்களை அடுக்கி வைக்க வேண்டும். தொப்பிப் பெட்டிகளைத் தூக்க வேண்டும். ரேஸ் முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பத்திரிகையில் பெயர் வந்தது என்று எழுதி அறிக்கை தயாரிக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் காரில் உள்ள பெயர் எத்தனை செக்கன் தெளிவாகத் தெரிந்தது என்று எண்ணுகிற வேலைகூட உண்டு. அமெரிக்காவில் ஜாய்ஸ் ஜூலியஸ் என்ற நிறுவனம் 1985இல் இருந்து இதையே தொழிலாகச் செய்தது. அத்தனை செக்கனுக்கு விளம்பரம் போட்டால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதுதான் அனுசரணையாளனுக்குக் கிடைத்த பலன் என்று காட்டினார்கள். இப்போது கணினி எண்ணுகிறது. ஆனாலும் அந்த எண்ணிக்கை என்ன சொல்கிறது என்று எழுத மனிதர் வேண்டும்.

நம்ம தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறபோது கிலோவைத் தப்பில்லாமல் எழுதுகிற பிள்ளைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். அதே கவனம்தான் இங்கேயும் வேண்டும்.

இடம் எப்படிக் கிடைக்கிறது?

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். இது பெயருள்ள ஆளின் கதை இல்லை, அங்கே வழக்கமாக நடக்கிற முறை. அவள் சார்லட் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் படிக்கிறாள். அப்பா ரேஸ் ஓட்டுநர் இல்லை. மாமா முதலாளி இல்லை. பெரிய அணிக்குக் கடிதம் எழுதுகிறாள்: "எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரேஸ் என்றால் உயிர்." பதில் வராது. ஏன் வராது? அதே வரியை எழுதி அனுப்புகிறவர்கள் ஏராளம். ரேஸ் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு அவர்கள் டிக்கட் விற்பார்கள், வேலை கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம் அவள் என்ன செய்கிறாள்? பக்கத்து ஊரில் சின்ன ஓட்டப் பாதை ஒன்று இருக்கிறது. வின்ஸ்டன் சேலம் ஊரில் போமன் கிரே மைதானம் மாதிரி. கால் மைல் சுற்று, 1949 முதல் நாஸ்கார் ரேஸ் நடக்கிற இடம். அப்படி ஓர் இடத்துக்கு சனிக்கிழமை போய் டிக்கட் கிழிக்கிறாள். டயர்க் கடைக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் அங்கே பலகை மாட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் போய், "இந்தப் பலகையைப் பார்த்து உங்கள் கடைக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்கிறாள். தெரியாது என்கிறார்கள். "அப்படியானால் ரேஸ் டிக்கட்டின் பாதியைக் கொண்டுவந்தால் விலை குறைப்பு என்று போடுங்க, நான் எண்ணித் தர்றேன்" என்கிறாள். ஒரு பருவம் முழுக்க எண்ணுகிறாள்.

அடுத்த கோடைக்கான பயிற்சி இடங்களுக்கு முந்தின இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ விண்ணப்பம் வாங்குவார்கள். அப்போது அவள் ஒரு பக்கக் கடிதம்தான் எழுதுகிறாள். இன்ன இடத்தில் இன்ன வேலை செய்தேன், கடைக்கு வந்த டிக்கட் இத்தனை, அதில் நான் கற்றது இது, உங்கள் அனுசரணையாளருக்கு இதைச் செய்து தர முடியும். அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள். நேர்முகத்தில் "ரேஸ் பிடிக்குமா?" என்று கேட்டால் பிடிக்கும் என்கிறாள். "எங்கள் அனுசரணையாளர் என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார்?" என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறாள். இடம் கிடைப்பது அந்த இரண்டாவது பதிலால்.

இன்னொரு ஆளையும் சொல்கிறேன், இவர் உண்மையான ஆள். சாக் பிரவுன். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ்காரர். பையனாக இருந்தபோது தொலைக்காட்சிப் போட்டியில் பரிசாகக் கிடைத்த கைக்கடிகாரங்களை விற்று, சின்னப் பந்தய வண்டி ஓட்டப் போனார். ஓட்டுவதற்குக் காசு வேண்டுமே என்று அனுசரணை தேடினார். தேடித் தேடி, ஓட்டுவதைவிட அனுசரணை பிடிப்பதில்தான் தன் கை தேர்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டார். 1995இல் அதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். 2018இல் மக்லரன் ரேஸ் நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி ஆனார். அந்த அணி 2024இலும் 2025இலும் போர்முலா 1 அணிகளுக்கான உலகப் பட்டத்தை வென்றது. அவர் ஓட்டிப் பெற்ற பட்டம் இல்லை, காரை ஓட வைக்கிற பணத்தைக் கொண்டுவரத் தெரிந்தவர்.

பூட்டின கதவு

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறக்குமா என்று கேட்பீர்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வென்டல் ஸ்கொட் என்று ஒரு கறுப்பின ஓட்டுநர். 1963 டிசம்பரில் ஜக்சன்வில் நகரில் அவர் ரேஸ் ஜெயித்தார். ஆனால் கொடியையும் கிண்ணத்தையும் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பிறகு எண்ணியதில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். அவர் 1990இல் இறந்துபோனார். ஜெயித்ததற்கான கிண்ணம் அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021இல்! பெரிய அனுசரணை இல்லாமல், பழைய சாமான்களை வைத்து, பிள்ளைகளையே உதவிக்கு வைத்துக்கொண்டு ஓடிய மனிதர். தகுதி இருந்தும் கிடைக்காமல் போவது என்ன என்று மலையக மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த மாதிரிக் குறைகளைத் திருத்தத்தான் நாஸ்கார் 2000இல் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. சிறுபான்மை இன மாணவர்களைக் கோடைகாலத்தில் பத்து வாரம், சம்பளத்தோடு, அலுவலகங்களிலும் அணிகளிலும் ஓட்டப் பாதைகளிலும் வேலைக்கு எடுத்தார்கள். "சம்பளத்தோடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். விளையாட்டுத் துறையில் சம்பளமில்லாத பயிற்சிகள் நிறைய இருந்தன. வீட்டிலிருந்து காசு வருகிற பிள்ளை சும்மா வேலை செய்யும். இல்லாத பிள்ளை எப்படிச் செய்யும்? கதவைத் திறந்துவைத்தால் போதாது, உள்ளே நிற்கிறவனுக்குச் சாப்பாடும் வேண்டும்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

முதலாவது, முகவர்மாரைப் பற்றி. "வெளிநாட்டுல ரேஸ் கம்பனியில உள்ளகப் பயிற்சி எடுத்துத் தர்றேன், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது வந்தால், நகையை அடகு வைத்துவிடாதீர்கள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்க எந்த நல்ல அணியும் காசு கேட்காது. அமெரிக்காவில் படிக்கிற வெளிநாட்டு மாணவருக்கே, சாதாரணமாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான், பல்கலைக்கழக அனுமதியோடு பாடம் சார்ந்த பயிற்சிக்கு இடமுண்டு. வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, பயத்தைப் பற்றி. 2024 சித்திரையில் தியத்தலாவையில் நடந்த ரேஸில் கார் பாதையை விட்டுப் பாய்ந்து ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. ரேஸ் என்றாலே வேண்டாம் என்று அம்மாமார் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பார்க்க வருகிறவர்களை எங்கே நிற்க வைப்பது, வேலியை எங்கே போடுவது, அறிவிப்பை எந்த மொழியில் சொல்வது என்று யோசிக்கிறதும் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலைதான். அந்த மேசையில் நம்ம பிள்ளையும் உட்கார்ந்திருந்தால் அறிவிப்பு தமிழிலும் வரும்.

நம்ம பிள்ளைகள் எல்லாரும் சார்லட்டுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம்ம நாட்டிலேயே ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் முகாமைத்துவம் பட்டப் படிப்பாக இருக்கிறது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். படிக்கிறபோதே தோட்டத்து விளையாட்டு விழாவுக்கு டவுன் கடைகளில் அனுசரணை கேட்டுப் போங்கள். சும்மா "உதவி செய்யுங்க" என்று நிற்காமல், அவர்களுக்கு என்ன செய்து தருவீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். விழா முடிந்ததும் திரும்பப் போய், வந்தவர்கள் இத்தனை பேர், உங்கள் பெயரை இத்தனை முறை வாசித்தோம் என்று ஒரு தாள் கொடுங்கள். அடுத்த வருஷம் அவரே கூப்பிடுவார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு நாள் அதுதான் உங்கள் முதல் சான்றிதழ்.

கடைசியாக அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு. அம்மா, உங்கள் மகனுக்கு இந்தச் செய்திமடலை அனுப்புங்கள். அவன் கேட்டதுக்குப் பதில், "இருக்கு" என்று வாத்தியார் சொன்னதாகச் சொல்லுங்கள். சிரித்ததுக்கு வாத்தியார் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள். புடவைக் கடையில் நிற்கிறதும் வீண் போகாது. எந்தப் புடவையை எடுத்துக் காட்டினால் எத்தனை பேர் வாங்குகிறார்கள், எதைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். காட்சிக் கார் ஓட்டினவரும் அதைத்தான் செய்தார். உயர்தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். விண்ணப்பப் பத்திரத்தை நான் நிரப்பித் தருகிறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.